மீன் வாங்கிக்கிடும்

பந்தல்குடியில் நான் மெடிக்கல் கடை திறந்த முதல் வாரமே ஒரு டானிக் பாட்டில் விழுந்து உடைந்தது. தரையெல்லாம் சிவப்பு, ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. புதுக் கடை, புது ஊர், மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது இடத்துக்குச் சொந்தக்காரர் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தார். தன் வீட்டின் முன்பக்கத்தைத்தான் எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் வீட்டுக் கூடத்துக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு, அதுவும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். தரை பாழானதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தானா விழுந்துச்சா தம்பி, நீங்க தட்டி விட்டீகளா?"

"கை பட்டுருச்சு அண்ணாச்சி. தெரிஞ்சே தட்டுவேனா?"

"அப்ப நல்லது. இதோட போச்சு. உங்க கடைக்கு வரவேண்டியத இந்தப் பாட்டிலு வாங்கிக்கிடுச்சு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அப்படி இல்லை. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு லாரிக்காரர் என்று பேர். முழங்கால் மடங்க மறுக்கும்வரை லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கத்து வெயில் பட்டுப் பட்டு வலது கை மட்டும் இடது கையைவிடக் கறுத்துக் கிடக்கும். அவருக்குப் பிறகு ஒரே மகன் பாண்டி அதே லாரியை எடுத்தான். அவர் வீட்டில் உட்கார்ந்து, மகனுக்கு வரக்கூடிய கெட்டதையெல்லாம் வேறு எதன் தலையிலாவது கட்டிவிடும் வேலையைப் பார்த்தார். சர்க்கரை முற்றி, படுக்கையில் கிடந்து, எல்லோரையும் போலச் சாதாரணமாகத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்தச் சாவை அல்ல.

"கெட்டதும் ஒரு லோடுதான் தம்பி," என்பார். "எங்கயோ ஒரு எடத்துல ஏத்தியாச்சுன்னா, எங்கயாவது எறக்கித்தான் ஆகணும். திரும்பிப் போகாது. நம்ம வாசல்ல எறக்காம ஒரு எலுமிச்சம்பழத்து மேல எறக்கிட்டான்னா தப்பிச்சோம்."

அதற்கு அவரிடம் சட்டதிட்டம் எல்லாம் உண்டு. பொருள் தானாகப் போக வேண்டும். நாமாகப் போட்டு உடைத்தால் கணக்கில் வராது. "அப்ப டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்த நீங்கதான வைக்கிறீக?" என்று ஒரு நாள் மடக்கினேன். அவர் அசரவில்லை. எலுமிச்சை, பூசணி, தேங்காய் மூன்றும் அதற்கென்றே பிறந்தவை, அவற்றுக்கு விதிவிலக்கு உண்டு என்றார். சின்னக் கெட்டதுக்குத்தான் அவை தாங்கும், பெரிய லோடுக்குப் போதாது என்றும் சொன்னார்.

ஒரு சித்திரை மாதம் திருச்சுழிக் கோயிலுக்குப் போனவர் வெறுங்காலோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். செருப்பு தொலைந்துவிட்டது. தார் ரோட்டில் நடந்து உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். களிம்பை எடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டே போனேன். அவர் பெஞ்சியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"புதுச் செருப்பு தம்பி. பழசு போயிருந்தா இம்புட்டு நிம்மதி இருக்காது."

மறுநாள் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு போன ஆள் அதை வீடு தேடிக் கொண்டுவந்துவிட்டார். இதே ஊர்க்காரர், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாராம். லாரிக்காரர் பதறி எழுந்து, "வேண்டாம், நீங்களே போட்டுக்கிடுங்க. நான் விட்டது விட்டதுதான்," என்று உள்ளே போய்விட்டார். வந்தவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? போட்டுக்கொண்டு போங்கள் என்றேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பத்து நாள் கழித்துச் செருப்புக்காரர் காய்ச்சல் மாத்திரை கேட்டு என் கடைக்கு வந்தார். அவர் போனதும் கதவுக்குப் பின்னாலிருந்து லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன காய்ச்சலாம்?"

"சாதாரணக் காய்ச்சல்தான்."

"நல்லாக் கேட்டீகளா?"

கேட்டேன் என்றேன். அவர் முகத்தில் இருந்தது கவலையா, எதிர்பார்ப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த மனிதரிடம் எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் அவராகவே சொன்னார். பாண்டி சின்னப் பையனாக இருக்கும்போது, இவர் பரளச்சிப் பக்கம் மிளகாய் வத்தல் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டார்கள். இவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வந்ததும் நான் அழுகல தம்பி. அக்கம் பக்கத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் விசாரிச்சேன். அந்த வாரம் எங்க வீட்டுல ஒண்ணுமே உடையல. ஒரு டம்ளரு கூட. பாலு பொங்கி வழியல. கோழி சாகல. வச்சது வச்ச எடத்துல அப்படியே இருந்துச்சு. வேற யாருமே வாங்கிக்கிடல. அதான் அவளே வாங்கிக்கிட்டா."

அதற்குப் பிறகு அவருடைய நம்பிக்கையைக் கிண்டல் செய்வதை நான் குறைத்துக்கொண்டேன்.

பாண்டி லாரியை எடுத்த வருஷம்தான் கூடத்துக்கு மீன் தொட்டி வந்தது. வீட்டில் மீன் வளர்த்தால், வீட்டாருக்கு வரும் கண்டத்தை மீன் ஏற்றுக்கொண்டு செத்துப்போகும் என்று அருப்புக்கோட்டையில் ஒரு லாரி ஓனர் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் பல வீடுகளில் அந்தப் பேச்சு உண்டு. ஆனால் மற்றவர்கள் மீன் செத்த பிறகு மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்வார்கள். இவர் அதற்காகவே வாங்கினார்.

சாதா மீன் போதாதாம். பார்க்கிறவர்கள் கண்ணு வேறெங்கும் போகாமல் அதன்மேல் விழ வேண்டும் என்று கோல்டு பிஷ்ஷிலேயே பகட்டான ரகமாகப் பொறுக்கி வாங்கினார். உருண்டை வயிறும் சேலை முந்தானை மாதிரி அலையும் வாலும் கொண்டவை. கண் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கறுப்பு மீன் ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளையாக, உச்சந்தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை வைத்த ரெட் கேப் ஒன்று. அழகாகத்தான் இருந்தன. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தாங்காது. அவர் வளர்த்த லட்சணம் அப்படி. அந்த ரக மீனுக்குப் பசி அடங்காது, ஆளைக் கண்டால் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறக்கும். இவர் டீயில் நனைத்த பன்னைப் பிய்த்துப் போடுவார், சோறு போடுவார், சேவுத்தூள் போடுவார். தண்ணீர் கலங்கி நாறும். ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் கொட்டி, சோப்புத்தூள் போட்டுத் தொட்டியைப் பளபளவென்று தேய்த்து, குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து ஊற்றுவார். செவ்வாய்க்கிழமைக்குள் ஏதாவது ஒன்று வயிறு மேலே தெரிய மிதக்கும்.

உடனே பாண்டிக்குப் போன் போகும். "எங்கப்பா இருக்க? சரி, மெதுவா வா. இனிமே ஒண்ணும் ஆகாது." பிறகு செத்ததைப் பேப்பரில் சுற்றி முச்சந்திக்குக் கொண்டுபோவார். தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும் இடம் அது. அங்கே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போவார். அதே ரகத்தில் அடுத்த மீனுக்கு ஆளிடம் சொல்லிவிடுவார்.

"அண்ணாச்சி, அதுக சாகுறது உங்க சோப்புத்தூளால," என்றேன்.

"எதால செத்தா என்ன தம்பி? வாங்கிக்கிடுச்சுல்ல."

பாண்டிக்குக் கல்யாணமாகி ரேவதி அந்த வீட்டுக்கு வந்தாள். நரிக்குடிப் பக்கத்துப் பெண். ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்தவள். ஒரு உயிர் மூச்சுக்குத் தவிப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மறுவீடு முடிந்து வந்த வாரமே ஒரு மீன் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து உட்கார்ந்தாள். வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். என் கடைக்கு வந்து, "அண்ணே, குழாய்த் தண்ணியில போடுற குளோரின் மீனுக்கு ஆகாதாமே, நெசந்தானா?" என்று கேட்டாள். நிஜம்தான், செவுள் வெந்துபோகும் என்றேன்.

அன்றிலிருந்து முற்றத்தில் வாளிகளில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்தே வைத்தாள். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினாள். சோப்புத்தூளை ஒளித்துவைத்தாள். பன்னும் சேவும் நின்றுபோய், இரண்டு விரலில் எடுக்கும் அளவு தீனி என்றானது. மாமனார் முதலில் முணுமுணுத்தார். கறுப்பு மீனின் செதிலில் வெல்வெட் மாதிரி மினுமினுப்பு வந்த பிறகு பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு காலையில் ரெட் கேப் தலைகீழாக மிதந்தது. அவர் பழக்கதோஷத்தில் பேப்பரை எடுத்து மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இருங்க மாமா. இன்னும் உசுரு இருக்கு," என்று ரேவதி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அதற்கு வயிறு உப்பியிருந்தது, அவ்வளவுதான். உருண்டை வயிற்று மீன்களுக்குத் தீனி அதிகமானால் அப்படி ஆகுமாம். தீனியை நிறுத்தினாள். பிறகு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கித் துளித் துளியாகக் கொடுத்தாள். அவர் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மீன் மெதுவாகப் புரண்டு நிமிர்ந்த அன்று என் கடைக்குள் வந்து, மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"நிமிந்துட்டான் தம்பி. மருமக பட்டாணி குடுத்து நிமித்திட்டா."

அது, இது என்று சொன்னவர் அன்றுதான் அவன் என்றார். பிறகு வாளித் தண்ணீர் பிடிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவர் காலடிச் சத்தம் கேட்டாலே ரெட் கேப் கண்ணாடிக்கு வந்துவிடும். அவர் விரலை வைத்தால் விரலோடு கூடவே நகரும். அந்த நாட்களில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முச்சந்திக்குப் போகும் வேலை நின்றது. வீடு ஒரு நல்ல வீடாக இருந்தது.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ரேவதி மாசமாக இருந்தாள். பாண்டி முழு உடம்போடு போய் முழு உடம்போடு வந்துகொண்டிருந்தான். மானாவாரி நிலமெல்லாம் பச்சை கட்டியிருந்தது. இவருடைய சர்க்கரைகூட மட்டுக்கு வந்திருந்தது. ஒரு நாள் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு நல்ல சேதி என்று சொன்னேன். அவர் முகம் இருண்டது.

"எல்லாம் நல்லாவே நடக்குது தம்பி. பயமா இருக்கு."

"நல்லா நடந்தா சந்தோஷப்படுவாக."

"ஒண்ணுமே போகலையே. எம்புட்டு நாளாச்சு. ஒரு மீனு கூடப் போகல."

நான் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரித் தட்டின் விளிம்பில் கண்ணாடி டம்ளர்கள் பாதி வெளியே தெரிய வரிசையாக நின்றன. அவர்தான் வைத்திருந்தார். தட்டிவிடமாட்டார், தானாக விழ வேண்டும். ரேவதி போகும்போதும் வரும்போதும் உள்ளே தள்ளி வைப்பாள். அவள் நகர்ந்ததும் அவர் திரும்பவும் ஓரத்துக்கு இழுப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பாண்டி வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மறுநாள் ரேவதி செக்கப்புக்காகத் தன் அம்மாவோடு அருப்புக்கோட்டைக்குப் போனாள். கடையில் ஆள் இல்லை. உள்ளே குழாயிலிருந்து ஹோஸில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. மழை நாள் என்பதால் அன்று குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக இருந்தது, கடை வரைக்கும் அடித்தது. ஏதோ கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். வாடை போகாமல் நின்றபோது எழுந்து உள்ளே போனேன். அதற்குள் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. பழைய தண்ணீர் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஹோஸைக் கையில் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் இரண்டு வாளிகளில் முந்தின நாள் தண்ணீர் தொடாமல் இருந்தது.

"அண்ணாச்சி, வாளித் தண்ணி இங்க இருக்கே."

"தெரியும் தம்பி."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். ரெட் கேப் துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் வாளியை எடுக்கக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். லாரி ஓட்டின கை, அசைக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. மீன் கடைசியாக ஒரு முறை அவர் பக்கம்தான் வந்தது. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரிந்தது.

ரேவதி மத்தியானம் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், வாளிகளைப் பார்த்தாள். மற்ற மீன்களை அள்ளி வாளிகளுக்குள் விட்டாள். கறுப்பு மீன் பிழைத்துக்கொண்டது, இன்னும் சிலதும் பிழைத்தன. அதெல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வாளித் தண்ணி அப்படியே இருக்கு மாமா."

"தானா செத்துருச்சும்மா."

"மாசமா ஒருத்தி இருக்குற வீட்டுல உசுர எடுக்கலாமா? உங்களுக்குத் தெரியாத சாத்திரமா?"

"உனக்கும் சேத்துத்தாம்மா," என்றார் அவர். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு மழையிலேயே முச்சந்திக்குப் போனார்.

அந்த வாரமே பாண்டியிடமிருந்து லாரிக்காரருக்குப் போன் வந்தது. ரேவதி கடைக் கதவருகே நின்றாள். அவர் மாத்திரை வாங்க என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். போனில் பாண்டியின் அழுகை எனக்கே கேட்டது. மணப்பாறை தாண்டி, மழை, ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். பிரேக் பிடித்தும் லாரி நிற்கவில்லை. அந்த ஆள் அங்கேயே போய்விட்டார். பாண்டி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே? கை காலு நல்லா இருக்கா? தலையில அடி படலயே? நெசமாச் சொல்லு, அடி படலயே?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு கவுண்டரில் சாய்ந்துகொண்டார். அவருடைய தோள் இரண்டும் இறங்கின. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் குரலில் சொன்னார்: "அழாதப்பா. விடு. இதோட போச்சு."

"மாமா," என்றாள் ரேவதி. அவள் சத்தம் போடவில்லை. "செத்தது மீனு இல்ல. ஆளு."

அவர் அவளைப் பார்த்தார். போன் காதிலேயே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கினேன். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அதே நிமிஷம், பாண்டி தப்பித்தானே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

பாண்டி ஜாமீனில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். லாரிச் சாவியை எங்கேயோ போட்டுவிட்டான், யாரும் தேடவில்லை. அப்பாவும் மகனும் ஒரே கூடத்தில் இருந்தார்கள், பேச்சில்லை. அவர் என் கடைப் பெஞ்சியிலேயே பகலைக் கழித்தார்.

"நானா எடுத்தேன்ல, அது கணக்குல வரல தம்பி," என்றார் ஒரு நாள். "லோடு அப்படியே நின்னுருக்கு. அதான் அந்த ஆளு மேல எறங்கிருச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழை அண்ணாச்சி. ரோடு வழுக்கு. அவரு குறுக்க வந்துட்டாரு. அவ்வளவுதான். ஒருத்தருக்கு வரவேண்டியத இன்னொருத்தர் வாங்குறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப எம் பொண்டாட்டி சும்மாவா செத்தா?" என்று கேட்டார்.

நான் அவருடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை அவரைக் காணவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருந்தார். ரேவதி பயந்துபோய் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். பாண்டியே எழுந்து வந்து வாசலில் நின்றான். வெளிச்சம் குறையும் நேரத்தில் மதுரைப் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. வீட்டுக்குள் போகவில்லை. என் கடையில் வந்து உட்கார்ந்தார். பாண்டி உள்ளே போய்விட்டான், ரேவதி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எங்க போயிட்டு வாரீக அண்ணாச்சி?"

"அந்த ஆளு வீட்டுக்கு."

மணப்பாறையில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போயிருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கூரை வீடு. அந்த ஆள் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். துக்கம் கேட்க இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்ததால் இவரையும் அப்படி ஒருவர் என்று நினைத்து உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"என்னத்துக்குப் போனீக? மன்னிப்புக் கேக்கவா?"

இல்லை என்று தலையாட்டினார். "ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும்னு இருந்துச்சு. அந்த வாரம் அவுக வீட்டுல ஏதாச்சும் உடஞ்சுச்சான்னு கேட்டேன். ஏதாச்சும் தொலஞ்சுச்சா, ஆடு கோழி செத்துச்சான்னு."

கதவுக்கு அந்தப் பக்கம் ரேவதியின் வளையல் சத்தம் கேட்டது. நான் கேட்க விரும்பவில்லை, ஆனாலும் கேட்டேன். "அவுக என்ன சொன்னாக?"

"எம் மூஞ்சிய ஏற இறங்கப் பாத்துச்சு அந்தப் பொம்பள. உடையுறதுக்கு எங்க வீட்டுல என்னய்யா இருந்துச்சுன்னு கேட்டுச்சு."

அவர் கறுத்த வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"எட்டிப் பாத்தேன் தம்பி. நெசந்தான். ரெண்டு சட்டி, ஒரு கொடம், ஒரு பாயி. வேற ஒண்ணுமே இல்ல. அவுகளுக்கு வந்தா அவுகதான் வாங்கணும். நமக்கு வந்தாலும் அவுகதான் வாங்கணும் போல."

நீங்கள் யார் என்று சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எந்த ஊருன்னு கேட்டுச்சு. பக்கத்து ஊருன்னு சொல்லிட்டேன். நடந்து வந்திருக்கீகன்னு சொல்லி உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சிட்டு வந்துட்டேன்."